உடைந்த தாடையின் வரலாறு – 7: ஒரே ஆற்றங்கரையில் இரண்டு தகடுகள்

ரைன் ஆறு சுவிட்சர்லாந்தை விட்டு வெளியேறும் இடத்தில் பாசல் நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே வடக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் பிரான்ஸ் எல்லைக்குள் ஸ்ட்ராஸ்பூர்க் வந்துவிடும். 1970களின் பிற்பாதியில் ஒருவருக்குக் கீழ்த்தாடை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பாசலுக்குக் கொண்டுபோனால், தாடைக்கு அடியில் தோலைக் கீறி, எலும்பின் கீழ் ஓரத்தில் கனத்த உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தி, எலும்பின் வெளிச்சுவர் உட்சுவர் இரண்டையும் துளைத்துப் போகும் பருமனான திருகுகளால் முறுக்கியிருப்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் சேர்த்திருந்தால், வெளியே தழும்பே தெரியாமல் வாய்க்குள் கீறி, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை, வெளிச்சுவரோடு நின்றுவிடும் குட்டித் திருகுகள் நான்கைக் கொண்டு பதித்திருப்பார்கள்.

முறிவு ஒன்றுதான், எலும்பும் ஒன்றுதான். பாசல்காரர்கள் ஸ்ட்ராஸ்பூர்க் முறையைப் பார்த்து, இது தாங்காது என்றார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்காரர்களோ, நீங்கள் செய்வது தேவைக்கு மிஞ்சியது என்றார்கள். எலும்பு கூடுவதற்கு எவ்வளவு உறுதி போதும் என்பதுதான் வழக்கு. அது முடிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வழக்கின் கனம் புரிய வேண்டுமானால், அதற்கு முன் நோயாளிகள் பட்ட பாட்டை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் கில்மர் 1887இல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறையைச் சென்ற இதழில் பார்த்தோம்: மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவது. பற்கள் சரியாகக் கடித்து நின்றால் எலும்பும் சரியாக நிற்கும் என்ற அடிப்படை இன்றும் செல்லும். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் வாயைத் திறக்கவே முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் ஆகாரம்தான், உடம்பு இளைத்துவிடும். பேச்சு பல்லிடுக்கில் வரும். பல் துலக்க வழியில்லை. வாந்தி வந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பி வெட்டும் இடுக்கி எப்போதும் தயாராக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவரை இப்படிக் கட்டிவைப்பது உயிரோடு விளையாடுவது. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த தாடை மூட்டு, கட்டு அவிழ்த்த பிறகும் விறைத்து நிற்கும். தகடும் திருகும் வந்தது இந்த ஆறு வாரச் சிறையிலிருந்து மனிதர்களை மீட்கத்தான். அறுவை முடிந்த சில நாட்களிலேயே வாய் திறந்து பேசி, மெதுவாகச் சாப்பிட முடிய வேண்டும். தாடை அறுவை மருத்துவர்கள் உறுதி என்று சொல்வதற்கு நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் பொருள்.

எலும்பில் தகடு வைப்பது புதிய யோசனையல்ல. ஹாம்பர்க்கில் ஹான்ஸ்மான் 1886இலேயே தகடும் திருகும் வைத்த முறையை வெளியிட்டார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் எஃகுத் தகடுகளை வைத்தார். உடம்புக்குள் அந்த உலோகம் அரித்தது; திருகு தளர்ந்தது; சீழ் பிடித்தது. 1930களில் அமெரிக்கர்களான வெனபிளும் ஸ்டக்கும், உடல் திரவத்தில் எந்த உலோகம் அரிக்கும், எது அரிக்காது என்று சோதித்து, கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த வைட்டாலியம் என்ற கலப்பு உலோகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அரிப்புப் பிரச்சினை தணிந்தது. தளர்வுப் பிரச்சினை அப்படியே இருந்தது.

அதற்குத் தீர்வு கைகால் எலும்பு வைத்தியத்திலிருந்து வந்தது. பிரஸ்ஸல்ஸில் ரொபேர் டானிஸ் என்ற அறுவை மருத்துவர், முறிந்த இரு முனைகளையும் தகட்டைக் கொண்டு ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துவைத்தால், வழக்கமாக முறிவைச் சுற்றித் திரளும் எலும்புப் புடைப்பு கூட இல்லாமல் நேரடியாகவே எலும்பு கூடுகிறது என்று 1949இல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் மாரிஸ் முல்லர் 1950இல் அவரிடம் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தார். 1958 நவம்பரில் பீல் நகரில் முல்லர், ஆல்கோவர், வில்லனெகர், ஷ்னைடர் முதலியோர் சேர்ந்து ஏஓ என்று உலகமெங்கும் அறியப்படும் குழுவைத் தொடங்கினார்கள். பெட்லாக் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் மாத்திஸ் அவர்களுக்குக் கருவிகள் செய்துகொடுத்தார். டாவோஸில் ஆய்வுக்கூடம் எழுந்தது. மருத்துவர், கருவி செய்பவர், ஆய்வாளர் என மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் இந்தத் துறை அவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது என் எண்ணம். தனித்தனியே இருந்திருந்தால் டானிஸின் புத்தகம் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

தொடை எலும்புக்குச் செல்லுபடியானதைத் தாடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர் ஜெர்மனியின் ஹான்ஸ் லூர். 1968இல் வைட்டாலியத்தில் செய்த அழுத்தத் தகடு ஒன்றை அவர் வெளியிட்டார். பாசலில் பெர்ன்ட் ஷ்பீசெல், ஏஓ கொள்கைகளை முழுமையாகத் தாடை அறுவைக்குள் கொண்டுவந்தார்.

அழுத்தத் தகடு எப்படி அழுத்துகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தகட்டின் துளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். அதன் உட்சுவர் ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். முறிவிலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்தில் எலும்பைத் துளைத்துத் திருகை இறக்குவார்கள். திருகின் தலை கடைசிச் சுற்றுகளில் துளைக்குள் அமரும்போது சரிவில் வழுக்கி முறிவின் பக்கம் நகரும். திருகு எலும்பில் பற்றியிருப்பதால் எலும்பும் கூடவே நகரும். மறுபக்கமும் இதே மாதிரி. இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. முறிந்த முகங்களுக்கு நடுவே உராய்வு ஏறுகிறது, அசைவு நிற்கிறது.

நேரான எலும்பில் இது அழகாக வேலை செய்தது. தாடையில் ஒரு சிக்கல் முளைத்தது. தாடையின் மேல் பாதியில் பற்களின் வேர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே கீழ்ப்பல் நரம்பு ஓடும் கால்வாய் இருக்கிறது. இரண்டு சுவர்களையும் துளைக்கும் நீளத் திருகை இவற்றின் குறுக்கே விட முடியாது. அதனால் தகடு கீழ் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. கீழ் ஓரத்தை அழுத்தினால் மேல் ஓரம், அதாவது பல்வரிசை இருக்கும் பக்கம், வாய் பிளக்கிறது. வெளிச்சுவரை அழுத்தினால் உட்சுவர் விலகுகிறது. இதைச் சமாளிக்க மேலே பற்களோடு சேர்த்துக் கட்டும் உலோகப் பட்டை ஒன்றையோ, இரண்டாவது சிறு தகட்டையோ வைத்தார்கள். ஷ்பீசெலின் குழுவில் இருந்த ஷ்மோக்கர், தகட்டின் கடைசித் துளைகளைச் சாய்வாக வெட்டி, அழுத்தத்தின் ஒரு பங்கை மேல் ஓரத்துக்கும் திருப்பினார். நல்ல மூளை வேலை. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் அறுவையை இன்னும் நுணுக்கமாக்கியது. தகட்டை எலும்பின் வளைவுக்குத் துல்லியமாக வளைக்காவிட்டால், திருகு இறுகும்போது எலும்புதான் தகட்டை நோக்கி இழுக்கப்படும். விறைத்த தகடு மன்னிக்காது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும்: ஒரு பல் மட்டும் முன்னதாக இடிக்கும், மற்றவை சேராது. கூடவே தோலில் தழும்பு. உதட்டின் ஓரத்தைக் கீழிழுக்கும் முக நரம்புக் கிளைக்கு ஆபத்து.

இந்த நிலையில் போர்தோ நகரிலிருந்து மிஷ்லே 1973இல் வெளியிட்ட கட்டுரை வந்தது. சின்னஞ்சிறு தகடுகள், ஒரு சுவரை மட்டும் பிடிக்கும் திருகுகள், வாய்க்குள்ளேயே அறுவை. அவர் அதைக் கையனுபவமாகச் சொன்னார். அதற்கு இயந்திரவியல் அடிப்படை அமைத்துக் கொடுத்தவர் ஸ்ட்ராஸ்பூர்கின் மாக்சிம் ஷாம்பி.

ஷாம்பி தகட்டிலிருந்து தொடங்காமல் தாடையிலிருந்து தொடங்கினார். தாடையை மேலே இழுக்கும் வலிய தசைகள் எல்லாம் பின்பக்கம், கோணத்தைச் சுற்றி இருக்கின்றன. கடி விழுவது முன்னே. தாடை மூட்டு பின்னால் தாங்கி நிற்கிறது. நடுவில் உள்ள எலும்பு வளைகிறது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது முழங்காலுக்கு எதிர்ப்புறம்தான் முதலில் பிளக்கும். முழங்காலை ஒட்டிய பக்கம் நசுங்கித்தான் போகும். தாடையில் பிளக்கும் பக்கம் மேல் ஓரம், நசுங்கும் பக்கம் கீழ் ஓரம். அப்படியென்றால் மேல் ஓரத்தில் இழுவிசையைத் தடுக்க ஒரு தகடு போதும். கீழ் ஓரத்தில் அழுத்தத்தைத் தசைகளே கொடுத்துவிடும். பாசலில் திருகின் சரிவைக் கொண்டு உண்டாக்கியதை, இங்கே நோயாளியின் சொந்தத் தசையைக் கொண்டு உண்டாக்கலாம்.

இதை அவர் ஊகமாக விட்டுவிடவில்லை. பொறியியல் அறிந்தவர்களோடு சேர்ந்து விசைகளைக் கணக்கிட்டார். ஆரல்டைட் பிசினில் தாடை மாதிரிகள் வார்த்து, அவற்றில் விசை ஏற்றி, தளமுனைவாக்கிய ஒளியில் பார்த்தார். விசை கூடும் இடங்களில் அந்தப் பிசினுக்குள் வண்ணப் பட்டைகள் நெருங்கித் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத இழுவிசை நிறமாகக் கண்முன் நிற்கும். கடைவாய்ப் பற்களில் கடிக்கும் விசை சுமார் 660 நியூட்டன், முன்பற்களில் சுமார் 290 நியூட்டன் என்ற அளவுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் தகடு எதைத் தாங்க வேண்டும் என்று பார்த்தார். கோரைப்பல்லுக்குப் பின்னால் வளைவுதான் பிரதானம். அங்கே பல் வேர்களுக்குச் சற்றுக் கீழே ஒரு தகடு. தாடைக் கோணத்தில், கடைசிக் கடைவாய்ப்பல்லை ஒட்டி மேலேறும் எலும்பு வரம்பின் மீது ஒரு தகடு. முகவாய்ப் பகுதியில் மட்டும் கதை வேறு: இடமும் வலமும் எதிரெதிராக முறுக்குகின்றன, ஒற்றைத் தகடு அந்த முறுக்கில் சுழன்றுவிடும். அங்கே இரண்டு தகடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளியில். இந்த இடங்களை இணைத்து அவர் வரைந்த கோடு 1978இல் வெளியான ஆங்கிலக் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் தாடை அறுவை படிக்கும் மாணவர் யாராக இருந்தாலும் ஷாம்பியின் கோட்டை வரையாமல் தேர்வில் தேற முடியாது.

அறுவை அரங்கில் இது எப்படி நடக்கும்? முதலில் பற்களைச் சரியான கடியில் பிடித்து நிறுத்துவார்கள். எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். ஈறுக்கு அப்பால் சளிச்சவ்வைக் கீறி எலும்பை வெளிப்படுத்துவார்கள். தகட்டை விரலளவு இடுக்கிகளால் வளைத்து, எலும்பில் ஆடாமல் உட்காரும்வரை திருத்துவார்கள். 2 மில்லிமீட்டர் திருகுக்கு 1.5 மில்லிமீட்டர் துளை. டிரில் சுழலும்போது உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தால் எலும்புக்குப் பாதகம் என்று 1983இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் காட்டினார்கள். வெந்துபோன எலும்பு சில வாரங்களில் திருகைச் சுற்றிக் கரைந்து, இறுக்கமாக ஏறிய திருகும் கையோடு வந்துவிடும். டிரில்லைச் சாய்த்துவிட்டாலோ ஆட்டிவிட்டாலோ துளை அகன்றுவிடும், மரை பிடிக்காது. பெரும்பாலும் உடைவது தகடு அல்ல. திருகுக்கும் எலும்புக்கும் இடையிலான அந்த மரைப்பிடிதான் முதலில் கைவிடும். அது தளர்ந்தால் அசைவு, அசைந்தால் சீழ். சீழ் பிடித்ததால் தளர்ந்தது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். பல நேரம் தளர்ந்ததால்தான் சீழ் பிடித்திருக்கிறது.

பாசல் தரப்பின் ஆட்சேபம் வலுவானது. தகட்டின் கனம் பாதியானால் வளைவை எதிர்க்கும் திறன் எட்டில் ஒன்றாகிறது. சோதனைக்கூடத்தில் பிளாஸ்டிக் தாடைகளில் ஏற்றிப் பார்த்தபோதெல்லாம் இரண்டு தகடு ஒன்றை வென்றது, கனத்த தகடு மெல்லிய தகட்டை வென்றது. 1991இல் குரூன் குழுவினர் ஷாம்பியின் கோட்பாட்டிலேயே ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். முன்பற்களில் கடித்தால் மேல் ஓரம் பிளக்கும் என்பது சரி. ஆனால் முறிவுக்கு அருகிலேயே கடைவாயில் கடித்தால் நிலைமை தலைகீழாகிறது. இழுவிசை கீழ் ஓரத்துக்கு இறங்கி, தகடில்லாத அந்த இடம் திறந்துகொள்கிறது. மேல் ஓரத் தகடு ஒன்றே எல்லாக் கடிக்கும் போதும் என்று சொல்வதற்கில்லை.

தீர்ப்பு சோதனைக்கூடத்திலிருந்து வரவில்லை, டல்லஸ் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தது. அங்கே எட்வர்ட் எல்லிஸ், தாடைக் கோண முறிவுகளுக்கு ஒரு முறையைச் சில காலம் கடைப்பிடிப்பார், முடிவுகளை எழுதுவார், அடுத்த முறைக்குப் போவார். பல ஆண்டுகள் இதையே பொறுமையாகச் செய்தார். கோணத்தில் இரண்டு சிறு தகடுகள் வைத்தபோது 28 சதவீதம் பேருக்குப் பின்சிக்கல் வந்தது என்று 1994இல் எழுதினார். ஒரே ஒரு சிறு தகடு வைத்தபோது அது 16 சதவீதம் என்று 1996இல் எழுதினார். அதிலும் பெரும்பாலானவை புறநோயாளியாகவே சரிசெய்யக்கூடியவை. சோதனைக்கூடத்தில் தோற்ற தகடு மனிதர்களிடம் வென்றது. தன் எதிர்பார்ப்புக்கு மாறான எண்களையும் மறைக்காமல் வரிசையாக அச்சிட்ட அந்த நேர்மைக்காகவே எல்லிஸை இந்தத் தொடரில் உயரத்தில் வைக்கிறேன்.

ஏன் அப்படி ஆயிற்று? ஒரு காரணத்தை டல்லஸ் குழுவே அளந்து சொன்னது. கோணம் முறிந்து அறுவை செய்துகொண்டவர்களின் கடைவாய்க் கடிவிசை, பல வாரங்களுக்கு ஆரோக்கியமானவர்களைவிட மிகவும் குறைவாக இருந்தது. வலி தடுக்கிறது; அறுபட்ட தசை ஒத்துழைக்க மறுக்கிறது; முறிந்த பக்கத்தில் கடிக்காமல் உடம்பு தானே காத்துக்கொள்கிறது. முழு விசையில் ஏற்றப்பட்ட பிளாஸ்டிக் தாடைக்கு அந்தக் காவல் இல்லை. இரண்டாவது தகட்டுக்காகக் கூடுதலாக எலும்புறையை உரிக்கும்போது எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் ஒரு பங்கு அறுபடுகிறது என்பதும் சொல்லப்பட்ட இன்னொரு காரணம். உலோகத்தில் லாபம், உயிரில் நட்டம்.

டாவோஸின் ஸ்டெஃபான் பெர்ரன் இதற்கு இன்னோர் அளவுகோல் கொடுத்திருந்தார். முறிவின் இடைவெளியில் முளைக்கும் திசு எவ்வளவு நீட்சியைத் தாங்கும் என்பதே அவருடைய கேள்வி. ஆரம்பத்தில் வரும் மெல்லிய திசு தன் நீளத்தின் அளவுக்கே, அதாவது நூறு சதவீதம், நீண்டாலும் பிழைக்கும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம். எலும்பு சுமார் 2 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அசைந்தாலே அந்த 2 சதவீதம் ஆகிவிடும். ஆக, அசைவே கூடாது என்று பாசல் பிடிவாதம் பிடித்ததற்கு அர்த்தம் இருந்தது. ஆனால் உடம்பு முதலில் மெல்லிய திசுவை இட்டு, அது அசைவைக் குறைக்க, பிறகு குருத்தெலும்பை இட்டு, அது இன்னும் குறைக்க, கடைசியில் எலும்பை இடுகிறது. சிறிதளவு அசைவை உடம்பே படிப்படியாக அடக்கிக்கொள்ளும். அந்தச் சிறிதளவுக்குள் நிறுத்திவைக்கும் தகடு போதும். முழுக்க விறைத்துப்போகத் தேவையில்லை.

இதற்காகப் பாசலின் கனத்த தகடு காட்சிப் பொருளாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஷாம்பியின் கணக்கு முழுவதும் ஒன்றை நம்பி இருக்கிறது: முறிந்த முகங்கள் ஒன்றோடொன்று முட்டி நின்று பாரத்தில் ஒரு பங்கைத் தாங்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு தாடையைத் தூளாக்கிவிட்டால் முட்டி நிற்க எதுவுமில்லை. புற்றுநோய்க்காக ஒரு துண்டையே வெட்டி எடுத்துவிட்டாலும் அப்படித்தான். அங்கே பாரம் முழுவதையும் தகடே சுமக்க வேண்டும். நீண்ட, கனத்த தகடு, இருபுறமும் முறிவுக்கு அப்பால் குறைந்தது மூன்று மூன்று திருகுகள். பல்லெல்லாம் விழுந்து, தாடை விரல் கனத்துக்குத் தேய்ந்துபோன முதியவருக்கும் இதே விதிதான். எலும்பு மெல்லியது, ஆகவே மெல்லிய தகடு போதும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. தேய்ந்த எலும்பில் முட்டி நிற்க முகம் போதாது, திருகு பிடிக்க ஆழம் இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு எவ்வளவு குறைகிறதோ, தகடு அவ்வளவு கனக்க வேண்டும். இதை மறந்து மெல்லிய தகடு வைக்கப்பட்ட முதியவர்கள் இரண்டாவது மூன்றாவது அறுவைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒல்லியான பாட்டியின் ஒல்லியான தாடையில் பெரிய தகட்டைப் பார்த்துப் பதறும் பிள்ளைகளுக்கு மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

திருகின் தலையிலும் மரை வெட்டி, அதைத் தகட்டின் துளையிலேயே பூட்டிவிடும் முறை அடுத்து வந்தது. பெர்ன் நகரில் ராவே 1980களில் செய்த உள்ளீடற்ற டைட்டானியத் திருகுத் தகடு இதற்கு முன்னோடி. 1990களில் எளிய வடிவங்கள் வந்தன. பழைய முறையில் திருகு தகட்டை எலும்போடு சேர்த்து அழுத்த, அந்த உராய்வில்தான் உறுதி இருந்தது. பூட்டிய தகட்டுக்கு எலும்பைத் தொடவே வேண்டியதில்லை. தகடும் திருகும் ஒரே சட்டமாகி நிற்கின்றன. வளைப்பதில் சிறு பிழை இருந்தாலும் எலும்பு இழுபடாது, கடி குலையாது. தகட்டுக்கு அடியில் எலும்பு நசுங்கித் தேயவும் செய்யாது.

இவை அனைத்தும் உலோகம். எலும்பு கூடிய பிறகு உள்ளே அவற்றுக்கு வேலை இல்லை. எலும்பு கூடும்வரை தாங்கி, பிறகு தானே கரைந்து மறையும் பொருளில் தகடு செய்ய முடியாதா என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பாஸ், ரோசெமா முதலியோர் முயன்றார்கள். 1987இல் கன்ன எலும்பு முறிவுகளுக்குப் பாலிலாக்டைடு தகடுகளை வைத்து நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த நோயாளிகளில் சிலர் தகடு வைத்த இடத்தில் வீக்கத்தோடு மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். அந்தக் கதை அடுத்த இதழில்.